பின்தங்கும் உயர்நிலை மாணவருக்குத் தனித்த கற்றல் திட்டம்: எதை நெகிழ்த்தலாம், எதை நெகிழ்த்தக் கூடாது?

வழித்துணை

வழக்கமான பள்ளியில் தொடர்ந்து தோல்வியுற்று, வருகை குறைந்து, படிப்பையே கைவிடும் நிலைக்கு வந்துவிட்ட 15 முதல் 18 வயது வரையிலான மாணவர்களுக்கென நடத்தப்படும் ஒரு மாற்றுப் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். இத்தகைய பள்ளிகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் தனிநபர் கற்றல் திட்டம் என்ற தொடர் தவறாமல் வருகிறது. ஆனால் அந்தத் திட்டத்தில் எது மாணவருக்கேற்ப மாறலாம், எது மாறவே கூடாது என்ற கேள்வியை நேராக எடுத்துப் பேசுபவர்கள் குறைவு. அதை இங்கே விரிவாக விவாதிக்க விரும்புகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பதற்கு ஆகும் காலம், கற்கும் வரிசை, கற்கும் இடம், கற்றதை வெளிப்படுத்தும் விதம் ஆகிய நான்கும் மாணவருக்கு மாணவர் மாறத்தான் வேண்டும். தேறுவதற்கான அளவுகோல் மட்டும் மாறக் கூடாது. நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பாடவேளையும் பருவத் தேர்வின் நாளும் அசையாமல் நிற்கின்றன. தேர்ச்சியின் அளவு மட்டும், "பாவம், இந்தப் பிள்ளைக்கு இது போதும்" என்று காதும் காதும் வைத்தாற்போல் தாழ்த்தப்படுகிறது. இரக்கத்தின் பெயரால் செய்யப்படும் இந்தத் தாழ்த்தலே அந்தப் பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் பெரிய அநீதி என்று கருதுகிறேன்.

மாணவர் எத்தனை மணி நேரம் வகுப்பில் அமர்ந்திருந்தார் என்பதைக் கொண்டு கல்வியை அளக்கும் வழக்கத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. அமெரிக்காவில் 1906 முதல் கார்னகி அறக்கட்டளையின் முயற்சியால் பரவிய அலகு முறையில், ஒரு பாடத்தில் 120 மணி நேர வகுப்பு முடிந்தால் ஓர் அலகு. கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத் திட்டத்துக்குத் தகுதியான கல்லூரிகளை இனங்காணும் தேவையோடு பின்னிப் பரவிய கணக்கு அது. ஒருவருக்கு இயற்கணிதம் விளங்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்று பார்த்து வகுத்ததன்று. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2005-இல் விதியைத் திருத்தி, உயர்நிலைப் பள்ளிகள் மணிக்கணக்கை விட்டுத் தேர்ச்சியின் அடிப்படையில் அலகு வழங்கும்படி செய்தது. ஆகவே இது நடக்கக்கூடாத காரியமன்று.

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேரும் மாணவரிடம் முதலில் பாடநூலைத் திறப்பதில்லை. பழைய பள்ளியின் வருகைப் பதிவை அவரோடு அமர்ந்து வரிவரியாகப் படிக்கிறோம். எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை, எந்த மாதத்திலிருந்து என்று பார்த்தால், "ஒழுங்கீனம்" என்ற ஒரே சொல்லால் மூடப்பட்டிருந்த பல கதைகள் வெளியே வருகின்றன. முதல் பாடவேளையை மட்டும் தவறவிடும் மாணவருக்கு உறக்கச் சிக்கல் இருக்கலாம். பதின்பருவத்தில் உறக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்தள்ளிப்போகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்ததற்கு அதுவே காரணம். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் மட்டும் வராதவருக்கு, அன்றைக்கு வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதிருக்கலாம். இவ்விருவருக்கும் ஒரே திட்டம் எப்படிப் பொருந்தும்?

கரும்பலகை

வழக்கமான பள்ளியொன்றில் கணிதம் கற்பிக்கிறேன். வழித்துணை அவர்களின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் சில ஐயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அளவுகோலை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டுவது எழுத்தில் அழகாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு நிலையில் நிற்கும் 17 வயது மாணவரிடம் பத்தாம் வகுப்பின் அளவுகோலை நீட்டினால், அவருக்குத் தேவைப்படும் காலம் நான்கைந்து ஆண்டுகளாக இருக்கலாம். அதற்குள் அவருடைய வயதுத் தோழர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். "எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம்" என்று சொல்லப்படும் படிப்பு, பெரும்பாலும் முடிக்கப்படாத படிப்பாகவே நின்றுவிடுகிறது. காலவரம்பற்ற கல்வி, இடைநிற்றலுக்கு நாம் சூட்டும் மரியாதையான பெயராக மாறிவிடக் கூடாது.

அடுத்தது, நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டம் எழுதச் சொன்னால், ஆசிரியர்கள் நாற்பது தாள்களை ஒரே வாசகத்தால் நிரப்பி ஆய்வாளரிடம் காட்டுவார்கள். நானும் என் சக ஆசிரியர்களும் அத்தகைய படிவங்களை நிறையவே பார்த்திருக்கிறோம். மாணவரின் பெயரை மறைத்துவிட்டால் எந்தத் தாள் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

வழித்துணை

கரும்பலகை ஐயாவின் இரண்டாம் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். பெயரை மறைத்தால் ஆள் தெரியாத திட்டம், திட்டமே ஆகாது. முதல் கருத்துக்கு ஒரு கணக்கைக் கொண்டு விடை சொல்ல முயல்கிறேன். கணித ஆசிரியரான நீங்கள் இதை என்னைவிட நன்றாக உணர்வீர்கள்.

ஓர் எண்ணின் பாதியையும் அதே எண்ணின் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் 10 கிடைக்கிறது. அந்த எண் எது? எங்களிடம் வந்த மாணவர் ஒருவர் இதைச் சமன்பாடாக எழுதினார். பிறகு பாதியையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி "ஐந்தில் இரண்டு" என்று எழுதினார். மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டிவிட்டார். அதன்பின் எண்ணின் ஐந்தில் இரண்டு பங்கு 10 என்றால் அந்த எண்ணின் இரு மடங்கு 50, ஆகவே எண் 25 என்று ஒரு பிசகும் இல்லாமல் முடித்தார். சரியான விடை 12. அவருடைய விடைத்தாளில் ஒரு சிவப்புக் கோடும் ஒரு சுழியமும் இருந்தன.

அந்தத் தாளைச் சற்று நின்று பாருங்கள். சமன்பாட்டை அமைப்பதும், பக்கம் மாற்றுவதும், அறியா எண்ணைத் தனிப்படுத்துவதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதாவது அந்த வகுப்பின் பாடம் அவருக்குத் தெரியும். தெரியாதது, வெவ்வேறு கீழெண்கள் கொண்ட பின்னங்களைக் கூட்டுவது மட்டுமே. அது ஐந்தாறாம் வகுப்புப் பாடம். இயற்கணிதத்தில் தோற்றார் என்று அதே வகுப்பில் மீண்டும் அமர்த்தப்பட்டார். அந்த வகுப்பின் பாடத்திட்டத்திலோ பின்னக் கூட்டல் இல்லை. அவருக்கு வேண்டியது கற்பிக்கப்படாத ஓர் அறையில், தெரிந்ததையே மறுபடியும் கேட்டுக்கொண்டு ஓராண்டை இழந்தார். ஐந்தாம் வகுப்பு நிலையில் இருக்கிறார் என்று இவரைப் பற்றி எழுதி வைப்பது எளிது. ஆனால் பின்தங்கல் என்பது ஒரே மட்டத்தில் படியும் வெள்ளமன்று. ஒரு மாணவருக்குள்ளேயே சில இடங்களில் வகுப்புக்கு மேலான அறிவும், சில இடங்களில் ஆழமான பள்ளங்களும் இருக்கின்றன. பள்ளம் எங்கே என்று துல்லியமாகக் கண்டால், அதை நிரப்ப ஆண்டுகள் தேவைப்படாது. காகிதப் பட்டைகளை இரண்டாகவும் மூன்றாகவும் ஆறாகவும் மடித்து அடுக்கி, ஏன் ஆறில் ஐந்து என்று அவரே கண்ட பிறகு, பழைய தாள்களை எடுத்துத் தாமாகவே திருத்தத் தொடங்கினார்.

எல்லோருக்கும் இவ்வளவு விரைவாக நடக்கும் என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே அடிப்படை வாசிப்பு இல்லாமல் வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீண்ட காலம் தேவைப்படும். எனினும் காலத்தை நெகிழ்த்துவது என்றால் காலக்கெடுவை ஒழிப்பது என்று பொருளன்று. ஒவ்வொரு பகுதிக்கும் மாணவரும் வழிகாட்டியும் சேர்ந்து ஒரு நாளைக் குறிக்கிறோம். அந்த நாள் தவறினால் ஏன் தவறியது என்று பேசாமல் அடுத்த நாளைக் குறிப்பதில்லை.

இந்தியாவின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1989-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் ஒரு முறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது பொதுத் தேர்வு வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது எழுதும் தேர்வும் உண்டு. நெகிழ்வுக்கு இதைவிட நல்ல சட்டகம் அரிது. ஆயினும் அந்தச் சட்டகத்துக்குள் மாணவரைத் தனியே விட்டுவிட்டால் ஐயா சொல்வது நடந்துவிடும். "இந்த வாரம் என்ன ஆயிற்று?" என்று கேட்கும் ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தால்தான் ஐந்து ஆண்டு என்னும் அவகாசம் உதவியாகும்.

ஒரு தாய்

என் மகளுக்கு 16 வயது. பொதுத் தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, அவள் படித்த பள்ளியில் எங்களை அழைத்து, "இவளுக்கு மாற்றுக் கல்விதான் ஏற்றது" என்று மிகக் கனிவாகச் சொன்னார்கள். அதுவரை அவளுக்கென்று எந்தக் குறைதீர் கற்பித்தலும் நடந்ததில்லை. பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே அந்தக் கனிவின் காரணம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

இங்கே பேசப்படும் காகிதப் பட்டைகளும் வருகைப் பதிவு வாசிப்பும் என் மகளுக்குக் கிடைக்குமென்றால் நான் மகிழ்வேன். ஆனால் "மாற்று" என்ற பெயரில் ஒதுக்கி வைக்கும் ஓரிடத்துக்கு அவளை அனுப்பிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். இவ்விரண்டையும் வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோர் எப்படிப் பிரித்தறிவது? அங்கே பெறும் சான்றிதழைக் கல்லூரிகள் ஏற்குமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டுகிறேன்.

ஏடு

அம்மாவின் கேள்விக்கு விடை காண வரலாறு ஓரளவு உதவும் என்று நம்புகிறேன். நாம் இங்கே புதிதாகக் கண்டதாக எண்ணும் பலவற்றை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள்.

1919-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் வினெட்காவில் பள்ளிக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற கார்ல்டன் வாஷ்பர்ன், எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகிய அடிப்படைகளை ஒவ்வொரு மாணவரும் தத்தம் வேகத்தில், தாமே திருத்திக்கொள்ளும் பயிற்சித் தாள்களைக் கொண்டு கற்கும்படி அமைத்தார். ஒரு பகுதியை முழுமையாகத் தேறிய பிறகே அடுத்தது. நாளின் எஞ்சிய பகுதி கூட்டு வேலைகளுக்கும் கலைகளுக்கும் உரியது. அந்த எஞ்சிய பகுதியை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் தனித்திட்டம் என்றாலே நாள் முழுதும் தனிமை என்று எண்ணிக்கொள்ளும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸின் டால்டனில், ஹெலன் பார்க்ஹர்ஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். மாணவர் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு மாத வேலையை ஒப்பந்தம்போல் ஏற்பார். மணி அடித்து வகுப்பு மாறுவது இல்லை. பாடத்துக்கொரு ஆய்வறையில் ஆசிரியர் இருப்பார். எந்த அறையில் எவ்வளவு நேரம் என்பதை மாணவரே வகுத்துக்கொள்வார். தம் நேரத்தைத் தாமே ஆளக்கூடிய மாணவருக்கு இது சிறகு. அந்த ஆற்றல் இன்னும் வராத மாணவர் மாதக் கடைசியில் முடியாத வேலையோடு நிற்பார். ஆகவே வேகத்தைத் தனிப்படுத்துவது மட்டும் போதாது.

1968-இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் முழுமைக் கற்றல் (ஒரு பகுதியை முழுமையாகத் தேறிய பிறகே அடுத்ததற்குச் செல்வது) பற்றி எழுதியதும், 1984-இல் அவர் வெளியிட்ட கட்டுரையும் பலருக்கும் தெரிந்தவை. தனிப் பயிற்சியும் முழுமைக் கற்றலும் சேர்ந்து பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் கற்றவர்களில் 98 விழுக்காட்டினரைவிட மேலே நின்றார் என்பது அக்கட்டுரையின் புகழ்பெற்ற முடிவு. அதை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அதே கட்டுரையில், சாதாரண அளவுள்ள வகுப்பிலேயே தேர்ச்சியைச் சரிபார்த்துத் திருத்திக் கற்பித்தபோது கிடைத்த பயன் அதில் பாதியளவு. அதுவே மிகப் பெரிய முன்னேற்றம். மற்றொன்று, தனிப் பயிற்சியின் பயன் உறுதியானது என்றாலும் புளூம் கண்ட அளவுக்குப் பெரிதன்று எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2011-இல் கர்ட் வான்லேன் என்னும் ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர் தரும் தனிப் பயிற்சியின் விளைவு திட்ட விலக்கத்தின் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) 0.79 அளவாக இருந்தது; புளூம் கண்டது இதே அளவில் ஏறத்தாழ 2. 98 விழுக்காட்டை வாக்குறுதியாகக் கொடுத்து மாணவரைச் சேர்ப்பவர்களிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

உயர்நிலை மாணவருக்கென்று அமைந்தவற்றில் இரண்டைக் குறிப்பிடுவேன். நியூயார்க்கில் 1972-இல் தொடங்கிய சிட்டி-ஆஸ்-ஸ்கூல், நகரின் அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் செய்யும் பயிற்சிப் பணிக்கு அலகு வழங்கியது. ராட் ஐலண்டின் பிராவிடன்ஸில் டென்னிஸ் லிட்கியும் எலியட் வாஷரும் 1996-இல் திறந்த மெட் பள்ளியில், ஏறத்தாழ பதினைந்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி. அவர் நான்கு ஆண்டுகளும் அவர்களோடேயே இருப்பார். வாரத்தில் இரண்டு நாள் மாணவர் தாம் விரும்பிய துறையில் ஒரு பெரியவரின் கீழ் பணி பழகுவார். பருவத்துக்கொரு முறை தம் வேலையை ஆசிரியர், பெற்றோர், தோழர் முன்னிலையில் விளக்கிக் காட்டி, கேள்விகளுக்கு விடையளிப்பார்.

அம்மாவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் பார்க்கும் பள்ளியில் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள், அந்த வழிகாட்டி எத்தனை ஆண்டுகள் உங்கள் மகளோடு இருப்பார் என்று கேளுங்கள். கட்டடத்தையும் கணினி அறையையும் பிறகு பார்க்கலாம்.

மின்பலகை

பள்ளிகளுக்குக் கற்றல் மென்பொருள் அமைத்துத் தரும் பணியில் இருக்கிறேன். கரும்பலகை அவர்கள் குறிப்பிட்ட நாற்பது பேர் வகுப்புக்கு விடை கணினிதான் என்பது என் கருத்து. மாணவர் எந்த வினாவில் தடுமாறுகிறார் என்பதை மென்பொருள் உடனே கண்டு, அதற்கு முந்தைய பாடத்துக்கு அழைத்துச் செல்கிறது. எல்லோர் முன்னிலையிலும் தவறு செய்யும் கூச்சம் இல்லை. நள்ளிரவிலும் கற்கலாம். வேலைக்குச் செல்லும் மாணவருக்கும், கைக்குழந்தையோடு இருக்கும் இளம் தாய்க்கும் இதைவிட வேறு வழி என்ன இருக்கிறது? வான்லேனின் அதே ஆய்வு, படிப்படியாக வழிகாட்டும் கணினிப் பயிற்சியின் விளைவு மனிதரின் பயிற்சிக்கு மிக அருகில், 0.76 என்று கண்டதையும் ஏடு அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

முன்னாள் மாணவர்

நான் ஒரு மாற்றுப் பள்ளியில் படித்து முடித்தவன். மின்பலகை ஐயா சொல்லும் மென்பொருள்களின் முன் இரண்டு பள்ளிகளில் அமர்ந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

முதல் பள்ளியில், தோற்ற பாடங்களை மீட்பதற்கென்று எங்களைக் கணினி அறையில் உட்கார வைத்தார்கள். காணொளியை ஓடவிட்டு வேறு வேலை பார்ப்போம். கேள்வி வந்தால் நான்கு விடைகளையும் வரிசையாக அழுத்துவோம். தவறென்றால் அதே கேள்வி மீண்டும் வரும். அறையில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். அவருக்கு எங்கள் பெயர் தெரியாது. அரையாண்டுப் பாடத்தைச் சில நாள்களிலேயே முடித்தவர்கள் உண்டு. மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சி என்று வந்தது. தலையில் ஒன்றும் ஏறவில்லை.

இரண்டாம் பள்ளியிலும் ஏறக்குறைய அதே மென்பொருள்தான். ஆனால் நான் சரியாக அழுத்திய ஒரு விடையைக் காட்டி, "இது ஏன் சரி என்று எனக்குச் சொல்" என்று என் வழிகாட்டி கேட்டார். நான் மௌனமாக இருந்தேன். அவர் கோபிக்கவில்லை, தேர்ச்சி என்றும் குறிக்கவில்லை. நான் சொல்லும்வரை அந்தப் பகுதி திறந்தே இருந்தது. காலையில் நான் வராவிட்டால் அவரே தொலைபேசியில் அழைப்பார். என் வாழ்க்கையில் என் வருகையை எதிர்பார்த்து ஒருவர் காத்திருந்தது அதுவே முதல் முறை. இதை எந்த அளவுகோலில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏடு

மின்பலகை அவர்கள் சுட்டிய 0.76 உண்மைதான்; ஏற்கிறேன். ஆனால் அது, மாணவர் கணக்கின் ஒவ்வொரு படியையும் எழுத, ஒவ்வொரு படிக்கும் பதிலளிக்கும் மென்பொருளுக்கு உரியது. விடையை மட்டும் சரிபார்க்கும் மென்பொருள்களின் விளைவு அதே தொகுப்பில் அதில் பாதிக்கும் குறைவாக, 0.31 ஆக இருந்தது. முன்னாள் மாணவர் தம்பி விவரித்த நான்கு விடை அழுத்தும் முறை இந்த இரண்டாவது வகையையே சேரும்.

தம்பி சொன்ன தொலைபேசி அழைப்பும் அளக்கப்பட்ட ஒன்றுதான். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990-இல் உருவான செக் அண்டு கனெக்ட் என்னும் திட்டத்தில், ஒரு வழிகாட்டி குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மாணவரைப் பின்தொடர உறுதி எடுத்துக்கொள்கிறார். வருகை, நடத்தை, மதிப்பெண் ஆகியவற்றைத் தொடர்ந்து பார்த்து, தளர்வு தெரிந்த உடனே தலையிடுகிறார். மாணவர்கள் பள்ளியில் நிலைத்திருக்க அது உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உடனே என்பதுதான் இதில் உயிர்நாடி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்பதாம் வகுப்பைப் போதிய அலகுகளோடு, முதன்மைப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாமல் முடித்தவர்கள், மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாக உரிய காலத்தில் பள்ளியை முடித்தார்கள். பதினோராம் வகுப்பில் மாற்றுப் பள்ளியைத் தேடுவதற்கு முன்பே, ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவத்தில் அந்தத் தொலைபேசி ஒலித்திருக்க வேண்டும்.

சிறப்பாசிரியர்

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியலில் எழுதப்படும் மாணவர்களுள் பலருக்குக் கண்டறியப்படாத காரணங்கள் இருக்கின்றன. கரும்பலகையில் உள்ளது தெரியாத பார்வைக் குறை, ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைவு, எழுத்துகளையும் ஒலிகளையும் இணைப்பதில் தடுமாறும் வாசிப்புக் குறைபாடு, கவனச்சிதறல், நீண்ட நாள் மனச்சோர்வு என்று அவை பலவகை. உயர்நிலை வகுப்புக்கு வருவதற்குள் மாணவர்கள் இவற்றை மறைக்கும் கலையில் தேர்ந்துவிடுகிறார்கள். வாசிக்கச் சொன்னால் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பார்கள், அல்லது வேண்டுமென்றே குறும்பு செய்து வெளியே அனுப்பப்படுவார்கள். வாசிக்கத் தெரியாதவன் என்று பெயரெடுப்பதைவிட அடங்காதவன் என்று பெயரெடுப்பது அந்த வயதில் அவர்களுக்கு எளிதாக இருக்கிறது.

ஆகவே தனித்திட்டம் எழுதுவதற்கு முன் பார்வை, செவித்திறன், வாசிப்பு ஆகிய மூன்றையாவது சோதித்திருக்க வேண்டும். உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே நிறையத் தெரியும். சொல்லின் முதல் எழுத்துகளைப் பார்த்து முடிவை ஊகிக்கிறாரா, வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றின் விகுதியையும் விழுங்குகிறாரா, அதே பத்தியை நாம் வாசித்துக் காட்டினால் பொருளைச் சரியாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது நடந்தால், சிக்கல் அறிவில் இல்லை, எழுத்தைப் படிப்பதில் இருக்கிறது. அவருக்கு வரலாற்றுத் தேர்வை வாய்மொழியாக வைப்பது சலுகையாகாது. வரலாறு தெரியுமா என்று உண்மையாகவே அறிய அதுவே வழி. அதே வேளையில் வாசிப்புப் பயிற்சியையும் தனியே தொடர வேண்டும். வாய்மொழித் தேர்வைக் காரணம் காட்டி அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டம் மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவருக்கும் எழுத்து வடிவில் தனிநபர் கல்வித் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. பெற்றோரையும் அக்குழுவில் உறுப்பினராக்கியது. அந்த இரண்டாவது பகுதியை எல்லா மாற்றுப் பள்ளிகளும் பின்பற்றலாம். ஒரு தாய் அம்மா, உங்கள் மகளின் திட்டம் உங்கள் கையெழுத்துக்காக வரும் தாளாக இருக்கக் கூடாது. அது எழுதப்படும்போது நீங்களும் அவளும் அந்த மேசையில் அமர்ந்திருக்க வேண்டும்.

கரும்பலகை

பின்னக் கூட்டல் பற்றிய விளக்கம் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. அதைப் போன்ற விடைத்தாள்கள் என் மேசையிலும் இருக்கின்றன. ஆயினும் இன்னொரு கவலையை முன்வைக்கிறேன். தோற்றவர்களையும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்களையும் ஒரே கூரையின் கீழ்த் திரட்டினால் அவர்கள் ஒருவரை ஒருவர் கீழே இழுக்க மாட்டார்களா? தாமஸ் டிஷியன், ஜோன் மக்கார்ட், பிரான்சுவா பூலன் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, சிக்கலான நடத்தையுள்ள பதின்பருவத்தினரைக் குழுவாகச் சேர்த்து நடத்தும் சீர்திருத்த முயற்சிகள் சில வேளைகளில் அந்த நடத்தையை வளர்க்கவே செய்கின்றன என்று எச்சரித்தது. ஒருவர் செய்த அடாவடியைச் சொல்ல, மற்றவர் சிரித்து ஊக்குவிப்பதே அதற்குப் போதும். வழக்கமான பள்ளிகள் தமக்கு வேண்டாதவர்களைத் தள்ளிவிடும் இடமாக மாற்றுப் பள்ளி ஆகிவிட்டால், அங்குள்ள ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தும் என்ன பயன்?

வழித்துணை

இந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. எங்கள் பணியில் நாங்கள் அன்றாடம் எதிர்கொள்வதும் இதையே. தண்டனையாக அனுப்பப்படும் மாணவரை ஏற்பதில்லை என்ற விதியை எங்கள் பள்ளி பிடிவாதமாகக் காத்து வருகிறது. மாணவர் தாமே வந்து பார்த்து, சில நாள் இருந்து, விருப்பத்தைத் தம் கையால் எழுதித் தந்த பிறகே சேர்க்கிறோம். இரண்டாவதாக, வேலை கற்கும் நாள்களில் அவர்கள் ஒருவரோடொருவர் இருப்பதில்லை. அச்சகத்திலோ மின்பழுது நீக்கும் கடையிலோ முதியோர் இல்லத்திலோ பெரியவர்களோடு இருக்கிறார்கள். பெரியவர்கள் நடுவில் பொறுப்போடு நடத்தப்படும் பதினாறு வயதுக்காரர், அடாவடிக்குக் கைதட்டல் தேட வேண்டிய தேவையை மெல்ல இழக்கிறார். டென்மார்க் இதை நாடு தழுவிய அமைப்பாகவே செய்துள்ளது. பழைய உற்பத்திப் பள்ளிகளையும் (பட்டறையில் பொருள்கள் செய்தபடியே கற்கும் பள்ளிகள்) வேறு சில ஆயத்தப் படிப்புகளையும் ஒன்றிணைத்து, 25 வயதுக்குட்பட்டோருக்கான ஆயத்த அடிப்படைக் கல்வியை 2019-இல் தொடங்கினார்கள். அதில் பொதுக்கல்வி, உற்பத்தி, பணியிடப் பயிற்சி என்று மூன்று வழிகள் உண்டு. கணக்கும் மொழியும் அந்தப் பட்டறை வேலையோடு சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன.

அளவுகோலைப் பற்றி நான் முதலில் சொன்னதற்குத் திரும்புகிறேன். அதை யார் பிடித்துப் பார்ப்பது என்பதே முதன்மையான கேள்வி. கற்பித்தவரே தேர்ச்சியையும் முடிவு செய்தால், அன்பின் காரணமாகவே அளவு தளர்ந்துவிடும். எங்கள் பள்ளியில் ஒரு பகுதியை முடிக்கும் மாணவர், தம் வழிகாட்டி அல்லாத இரண்டு ஆசிரியர்களும் வெளியாள் ஒருவரும் கொண்ட குழுவின் முன் அமர்கிறார். அண்மையில் ஒரு மாணவி, தாம் பணி பழகிய தையல் நிலையத்தில் ஒரு மேற்சட்டைக்குத் தேவையான துணியின் அளவை எப்படிக் குறைத்தார் என்று விளக்கினார். வெட்டு வடிவங்களை மாற்றி அடுக்கி, வீணாகும் பரப்பைக் கணக்கிட்டு, விழுக்காட்டில் சொன்னார். குழுவிலிருந்த வெளியாள், "துணியின் அகலம் மாறினால் இதே அடுக்கு பொருந்துமா?" என்று கேட்டார். மாணவி பதிலளிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வருமாறு குழு சொன்னது. மூன்று அகலங்களுக்கு மூன்று அடுக்குகளை வரைந்துகொண்டு வந்தார், தேறினார். அந்த இரண்டு வாரமே நெகிழ்வு. கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் அது தளர்வு.

ஒரு தாய் அவர்களுக்கு நேரான விடை: சான்றிதழ் எந்தத் தேர்வு வாரியத்தின் பெயரில் வருகிறது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்த வாரியம் அரசு அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், படித்த இடத்தின் பெயர் தடையாகாது. உங்கள் மகள் சேர விரும்பும் கல்லூரியிடமும் பாடத் தொகுதியைக் காட்டி முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். சில படிப்புகளுக்குக் குறிப்பிட்ட பாடங்கள் கட்டாயம் என்பதால் இந்த ஒன்றில் மட்டும் பொதுவான விடையை நம்ப வேண்டாம். மேலும், வழக்கமான பள்ளிக்குத் திரும்பும் வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். உள்ளே வருவதற்கு மட்டும் வாயில் வைத்து, வெளியே செல்ல வழி வைக்காத மாற்றுப் பள்ளியில் சேர்க்க வேண்டாம்.

ஒரு தாய்

அனைவருக்கும் நன்றி. வரும் வாரம் ஒரு பள்ளிக்குச் செல்கிறோம். வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள், அவர் எவ்வளவு காலம் உடனிருப்பார், சான்றிதழ் யாருடையது, தேர்ச்சியை யார் முடிவு செய்கிறார், திரும்பும் வழி உண்டா என்று எழுதி வைத்திருக்கிறேன். சிறப்பாசிரியர் சொன்ன பார்வை, செவித்திறன் சோதனைகளுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்கிறேன். இந்த விவாதத்தை என் மகளும் படித்தாள். நான் பேசி முடித்த பிறகு, தான் தனியாக அந்த வழிகாட்டியிடம் பேச வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

கரும்பலகை

அவளைப் பேச விடுங்கள் அம்மா. இயன்றால் அவளுடைய பழைய கணக்கு விடைத்தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தருகிறார்களா, அல்லது வரிவரியாகப் படிக்கிறார்களா என்று கவனியுங்கள்.